வெள்ளிக்கிழமைப் பந்தியும் ஒரு சோப்புக் கட்டியும்

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். எங்கள் ஆலயத்தில் எல்லாருக்கும் இது தெரியும், நானும் மறைத்ததில்லை. மலேசியாவில், பெக்கான் நானாஸில், அன்னாசிப் பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில், எங்கள் பேச்சில் கிலாங்கில், பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். உள்ளே நுழையும் முன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விரல் இடுக்கு, நகக்கண், கட்டை விரல் எதையும் விடக்கூடாது. சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்று பார்ப்பார். கழிப்பறைக்குப் போய் வந்தால் மறுபடியும் கழுவ வேண்டும். மூக்கைச் சொறிந்தாலும் அப்படித்தான். எந்த ஊரிலோ யாரோ திறக்கப்போகிற டின்னுக்காக இத்தனை பாடு.

அதே நான், வெள்ளிக்கிழமை மாலை ஆலயத்தில் அன்னதானம் பரிமாறப் போனால் சோப்பைத் தொட்டதே இல்லை. எழுத வெட்கமாக இருக்கிறது. வாசல் குழாயில் காலைக் கழுவுவோம், தலையில் இரண்டு சொட்டுத் தெளித்துக்கொள்வோம். தீபாராதனையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றித் திருநீறு பூசிவிட்டால் கையில் இனி ஒன்றும் இல்லை என்று நினைப்பு. அந்தக் கையோடு நேராக வடைக் கூடைக்குப் போவோம். நடுவில் செருப்பை ஒதுக்கி வைத்திருப்போம், பிள்ளையின் மூக்கைத் துடைத்திருப்போம், கைப்பேசியைத் தடவியிருப்போம். அதெல்லாம் யார் மனதிலும் நிற்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சாப்பிட்டு எழுந்ததும் எல்லாரும் சோப்பைத் தேடுவார்கள். கையில் சாம்பார் வாசம் போக வேண்டுமாம். சாப்பிடும் முன் போட்டால் சோற்றில் சோப்பு வாசம் அடிக்குமாம்.

ஒரு வெள்ளிக்கிழமைப் பந்திக்கு மறுநாள், அங்கே சாப்பிட்ட பிள்ளைகளில் ஏழெட்டுப் பேருக்கு வாந்தியும் பேதியும் வந்தது. அதில் என் மகளும் ஒருத்தி. நான்கு வயது. இரண்டு நாள் மருத்துவமனையில் அந்தச் சின்னக் கையில் ஊசி குத்தித் தண்ணீர் ஏற்றினார்கள். தமிழ்த் தாதி ஒருவர் கட்டிலருகே நின்று விசாரித்தார்.

"கோயில்ல யாரு பரிமாறுனாங்க? சவுக்காரம் போட்டுக் கை கழுவுனாங்களா?"

அன்று என் மகளின் இலையில் வடை வைத்தது நான்தான். கிருமி என் கையிலிருந்துதான் போனதா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. போயிருக்கலாம் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அன்று அழுதேன். அதற்குப் பிறகு இந்த விஷயத்துக்காக நான் அழவில்லை, சண்டைதான் போட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, வெங்காயம் வரும் சிவப்பு வலைப்பையில் ஒரு சோப்புக் கட்டியைப் போட்டு வாசல் குழாயில் கட்டினேன். ஆலயத் தலைவர் பார்த்தார். நல்ல மனிதர்தான், பந்தியிலிருந்து யாரும் பசியோடு எழுந்து போகக்கூடாது என்று நினைப்பவர். ஒவ்வொரு இலையிலும் முதலில் ஒரு பிடி சர்க்கரைப் பொங்கலைத் தன் கையாலேயே அள்ளி வைப்பார். அதை வாங்குவது எல்லாருக்கும் பெருமை.

"ஏம்மா, இது கோயிலு லா, ஒன் கிலாங் இல்ல. திருநீறு தொட்ட கையில என்னா அழுக்கு?"

"திருநீறு மேல எனக்கும் நம்பிக்கை இருக்கு தலைவரே. ஆனா அது சவுக்காரம் இல்லையே!"

மறுவாரம் சோப்பைக் காணோம். இன்னொன்று கட்டினேன். அதுவும் போனது. தரை வழுக்குகிறது என்று ஒருவர் சொன்னார், தொழிற்சாலைத் திமிர் என்று ஒருவர் சொன்னார். சாமி நம்பிக்கை இல்லாதவள் என்றும் பேச்சு வந்தது. நான் மூன்றாவதைக் கட்டினேன். அன்று வடைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, கழுவாத எவர் கையிலும் தர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். பந்தி கால் மணி நேரம் தாமதமானது.

அதோடு பரிமாறும் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிட்டார்கள். செயலாளர் வீட்டுக்கே வந்து சொன்னார்.

"அக்கா, தலைவர்கிட்ட ஒரு சாரி சொல்லிடுங்க. திரும்ப வந்து பரிமாறலாம். அவருக்கு மனசு கஷ்டமா இருக்கு."

"என் மகளுக்கு வயிறு கஷ்டமா இருந்துச்சே, அதுக்கு யாருப்பா சாரி சொல்றது?"

அவர் தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். எனக்கு வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் வாளி தூக்கிய பந்தி அது. ஆனால் மன்னிப்புக் கேட்டால் சோப்பும் போகும், இன்னொரு பிள்ளை இன்னொரு கட்டிலில் கிடக்கும். கேட்கவில்லை.

பட்டியலில்தானே பெயர் இல்லை, சாப்பிட யார் தடுப்பது? அந்த வெள்ளிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். நான்காவது சோப்பைக் குழாயில் கட்டி, இருவரும் கழுவிக்கொண்டு, பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். தலைவர் பொங்கல் பாத்திரத்தோடு வந்தார். சற்று முன்புதான் வாசலில் யாருடைய மோட்டார் சைக்கிளையோ நகர்த்திவிட்டு அப்படியே வந்ததை நான் பார்த்தேன். ஒரு கையால் என் இலையை மூடினேன், மறு கையால் மகளின் இலையை.

அவர் நின்றார். பந்தியில் இலையை மூடினால் போதும் என்று அர்த்தம்.

"இன்னும் வைக்கவே இல்ல, அதுக்குள்ள போதுமா?"

"வேணும் தலைவரே. நெறைய வேணும். கழுவிட்டு வந்து வைங்க."

வரிசை முழுவதும் எங்களையே பார்த்தது. நான் கையை எடுக்கவில்லை. "அலமாக்" என்று, ஐயையோ என்பது போல, பின்னால் யாரோ முனகினார்கள். தலைவர் பாத்திரத்தை 'ணங்' என்று தரையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. எல்லாரும் பார்க்கட்டும் என்பது போல முழங்கை வரை நுரை பொங்கத் தேய்த்தார். ஈரம் சொட்டத் திரும்பி வந்தார்.

கையை எடுத்தேன். மகளுக்கு அளவாக வைத்தார். எனக்கு மட்டும் கோபத்தில் மூன்று பிடி வைத்தார். மூன்றையும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.