சிஞ்ஞோராவுக்கு ஆள் வைத்துவிட்டு ஊஸ்திகா போனோம்

ஆகஸ்ட் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை எட்டேகாலுக்கு பலெர்மோத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டோம். தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடுகிற வேகப் படகு. ஊஸ்திகாத் தீவு வடக்கே அறுபத்தைந்து கிலோமீற்றருக்குக் கிட்ட இருக்கிறது. ஒன்றேகால் மணி நேரம் எடுக்கும். ஆளுக்கு இருபத்தேழாயிரம் லீரா. இதைவிட மலிவாகப் பெரிய கப்பல் ஒன்றும் போகிறது, ஆனால் இரண்டரை மணி நேரம் ஆடி அசைந்து போகும். "எட்டு வருசத்திலை முதல் முறையா ஒரு இடம் போறம். அதிலையும் மலிவு பாக்கப் போறீங்களோ?" என்று என் மனைவி றெஜினா கேட்டாள். மறுபேச்சில்லாமல் வேகப் படகுக்கு டிக்கெட் எடுத்தேன்.

எட்டு வருடம் என்பது மெய்தான். மன்னாரிலிருந்து வந்து பலெர்மோவின் போர்கோ வெக்கியோவில் ஒற்றை அறை எடுத்த நாளிலிருந்து இந்தத் தொண்ணூற்றாறு வரைக்கும் நாங்கள் ஊர் சுற்றப் போனதில்லை. ஆகஸ்டில் பலெர்மோவே கடைகளைப் பூட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விடும். அவர்கள் கடலுக்குப் போக, நாங்கள் அவர்களுடைய ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருப்போம். அரை மணி நேர பஸ் ஓட்டத்தில் இருக்கிற மொந்தெல்லோக் கடற்கரைக்குக்கூட நான் கால் நனைக்கப் போனதில்லை என்றால் பாருங்கள்.

நான் பொலித்தேயாமா அரங்குக்குப் பக்கத்தில், நாலாம் மாடியில் தனியே இருக்கிற ஒரு சிஞ்ஞோரா, அதாவது இந்த ஊர் அம்மா, வீட்டில் வேலை செய்கிறேன். எண்பத்திரண்டு வயது, விதவை, பிள்ளைகள் மிலானோவில். சமையல், மருந்து, மாலையில் கையைப் பிடித்துக் கொஞ்ச நடை, எல்லாம் நான்தான். அந்த வீட்டு வேலை இருப்பதால்தான் என் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதிப் பத்திரம், புதுப்பிக்கப்படுகிறது. அடுத்த புதுப்பிப்பு ஒக்டோபரில்.

எங்கள் சனத்திடம் ஒரு வழக்கம் உண்டு. விடுமுறை எடுப்பதென்றால் வேலை வீட்டுக்கு நாமே ஆள் வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்த ஆளைத் தெரிவுசெய்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கிளாரன்ஸ், தங்கையின் கலியாணத்துக்கு லண்டன் போகும்போது ஒரு கெட்டிக்காரப் பெடியனை வைத்துவிட்டுப் போனான். திரும்பி வந்தபோது அந்த வீட்டுக்காரருக்குப் பெடியனைப் பிடித்துவிட்டது. பெடியன் இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறான், கிளாரன்ஸ் படிக்கட்டுக் கழுவுகிறான்.

"ஆள் வைக்கேக்கை கொஞ்சம் மந்தமானவனாப் பாத்து வை" என்று அவன் எனக்கு இரண்டு முறை சொன்னான்.

நான் வைத்தது அருளை. றெஜினாவின் சின்னம்மா மகன். வந்து நாலு மாதம், வேலை இல்லை. மன்னாரில் சாப்பாட்டுக் கடையில் நின்றவன். எங்கள் கோவில் திருநாளுக்கு அவன் வைத்த மீன்குழம்பைப் பற்றி சனம் இன்னும் கதைக்கிறது. வேறு ஆளை வைத்திருந்தால் றெஜினா என்னோடு எந்தத் தீவுக்கும் வந்திருக்க மாட்டாள். சிஞ்ஞோரா சாப்பிடுகிற பாஸ்தா, சூப் எல்லாம் அவனுக்கு ஒரு கிழமை காட்டிக் கொடுத்தேன். அவன் எல்லாவற்றுக்கும் "ஓம் அத்தான்" என்றான். இத்தாலியனில் அவனுக்குத் தெரிந்த சொற்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

ஒன்பதரைக்கு ஊஸ்திகா. கரையிலிருந்து பார்த்தால் தீவு முழுக்கக் கறுப்பு. ஒரு காலத்தில் நெருப்பு கக்கிய மலையின் தலைதான் இந்தத் தீவு. வெள்ளை மணல் என்று கனவு கண்டுகொண்டு வருகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: அது கிடையாது. கறுத்த பாறையும், அதன் காலடியில் கண்ணாடிப் போத்தலின் பச்சையிலே தண்ணீரும்தான். ஆனால் அந்தத் தண்ணீரைப் பார்த்த பிறகு மணலை யார் தேடுகிறார்கள்? பத்து ஆள் உயரத்துக்குக் கீழே கிடக்கிற கல் கையெட்டும் தூரத்தில் கிடப்பதாகத் தெரியும்.

துறைமுகத்திலிருந்து ஊர் மேட்டில் இருக்கிறது. சின்ன பஸ் ஒன்று தீவைச் சுற்றுகிறது. முழுச் சுற்றும் ஒன்பது கிலோமீற்றர்தான். சாரதி எங்களைப் பார்த்து, "பலெர்மோவிலிருந்தா? எந்த வீட்டில் வேலைக்கு வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டான். கோபிக்க முடியாது, எங்கள் முகத்தை அவன் வேறு எதற்கும் கண்டதில்லை. றெஜினா தன் நல்ல இத்தாலியனில், "வேலைக்கில்லை, விடுமுறைக்கு" என்றாள். அவன் பஸ்ஸை நிறுத்தி, திரும்பிப் பார்த்து, தொப்பியைக் கழற்றினான். அன்றைக்கு எங்களிடம் காசு வாங்கவில்லை.

அறை, நுன்சியா என்கிற ஒரு அம்மாவின் வீட்டில். இரவுக்கு அறுபதாயிரம் லீரா. சுவரில் அரையடி நீளப் பல்லி, முற்றத்தில் நாகதாளி, வீட்டின் வெளிச்சுவரில் யாரோ வரைந்த பெரிய மீன். இந்த ஊரில் பல வீட்டுச் சுவர்களில் இப்படிப் படம் வரைந்திருக்கிறார்கள். மதியம் நுன்சியா வைத்த தக்காளியும் உப்பிலிட்ட கேப்பர் மொட்டும் பாணும் சாப்பிட்டோம். றெஜினா நித்திரை கொண்டாள். நான் கோவில் சதுக்கத்தில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கூண்டைப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

பின்னேரம் ஆறரைக்கு எடுத்தேன். சிஞ்ஞோராதான் எடுத்தா. இத்தாலியனில்தான் கதைத்தோம்.

"சாப்பிட்டீங்களா?"

"நல்லாச் சாப்பிட்டன். அந்தப் பிள்ளை நல்லாச் சமைக்குது. நீ தண்ணியிலை இறங்கினியா?"

"ஓம், இறங்கினன்" என்றேன். இறங்கவில்லை. என் காது அந்த "நல்லாச் சமைக்குது"விலேயே நின்றுவிட்டது. எட்டு வருடத்தில் என் சமையலை அவ குறை சொன்னதில்லை, ஆனால் புகழ்ந்ததும் இல்லை. பிறகு அருளைக் கூப்பிடச் சொன்னேன். "எல்லாம் சரி அத்தான். நான் எங்கடை மீன்குழம்பு வைச்சன், தூள் கொஞ்சந்தான் போட்டன். வாயிலை வைச்சவுடனை 'புவோனோ', நல்லாயிருக்கு எண்டவ" என்றான். பாஸ்தா காட்டிக் கொடுத்தவன் நான், மீன்குழம்பு வைத்தவன் அவன். கிளாரன்ஸின் முகம் என் கண்முன் வந்தது.

வெள்ளிக்கிழமை, கப்பல்களுக்கு வழி காட்டுகிற வெளிச்ச வீட்டுப் பக்கம் போனோம். போகிற வழியெல்லாம் பருப்பு அறுத்த தோட்டங்களின் வெறுந்தரை. இந்தத் தீவின் பருப்பு மிளகிலும் கொஞ்சம் பெரிது, கறுப்பு நிறம், ஊறப்போடாமல் அவியும். இத்தாலி முழுக்கப் பெயர் போனது. அரைக் கிலோ வாங்கிப் பையில் வைத்தேன். மேட்டிலிருந்து பார்த்தால் நாலு பக்கமும் கடல். தெற்கே பலெர்மோவின் பெல்லெகிரீனோ மலை புகை மாதிரித் தெரிந்தது. றெஜினா கடலைப் பார்த்தாள், நான் மலையைப் பார்த்தேன்.

இரவுச் சாப்பாடு சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில். கணவாய் சுட்டது, கலவா மீன் துண்டு, பருப்பு சூப், வீட்டு வெள்ளை வைன் அரை லீற்றர். இரண்டு பேருக்கும் ஐம்பத்தெட்டாயிரம் லீரா. கணவாயை இவ்வளவு பதமாகச் சுட எங்களில் ஒருவருக்கும் தெரியாது என்று றெஜினா ஒத்துக்கொண்டாள், அவளிடமிருந்து அந்த வார்த்தை வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. சாப்பிட்டு வெளியே வந்தால் கோவிலுக்கு முன் திருவிழாக் கூட்டம். முக்குளிக்க வந்த பெடியள் பியர்ப் போத்தலோடு படியில் இருக்க, ஒரு கிழவர் அக்கோடியன் வாசிக்க, தாய்மார் பிள்ளைகளோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். நுன்சியா எங்கிருந்தோ வந்து றெஜினாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனா. சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு என் மனிசி ஆடினதை நான் தொலைபேசிக் கூண்டுக்குள்ளே நின்றுதான் பார்த்தேன்.

"இண்டைக்கும் மீன்தான். அருமை" என்றா சிஞ்ஞோரா. "நீ அவசரப்பட்டு வராதே. வேணுமெண்டால் திங்கள் வரைக்கும் நில். தண்ணியிலை இறங்கினியா?"

"இறங்கினன்" என்றேன்.

சனிக்கிழமை விடிய நான் பையை அடுக்கினேன். "காலைப் படகிலை போவம் றெஜி. சிஞ்ஞோராவுக்கு அவனைப் பிடிச்சிட்டுது. ஒக்டோபரிலை பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கெஸ்தூராப் பொலிசிலை நான் என்னத்தைக் காட்டுறது?"

றெஜினா கட்டிலில் இருந்து எழும்பாமலே சொன்னாள்: "போறதெண்டால் நீங்கள் போங்கோ. நான் எட்டு வருசம் மற்றவையின்ரை கக்கூஸ் கழுவி மூண்டு நாள் வந்திருக்கிறன். ரெண்டு நாளா உங்களோடை வந்தனா, இல்லை ரெலிபோன் கூண்டோடை வந்தனா எண்டு எனக்கு விளங்கேல்லை. அருள் பிச்சை எடுக்கட்டும் எண்டோ நினைக்கிறியள்?"

நான் கோபத்தோடு இறங்கித் துறைமுகத்துக்குப் போனேன். டிக்கெட் அறைக்கு முன்னால் நாலைந்து பேர் நின்றார்கள். என் முறை வந்தபோது, "ஒன்றா, இரண்டா?" என்று உள்ளே இருந்தவர் கேட்டார். ஒன்று என்று சொல்ல வாய் வரவில்லை. தனியாகப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டி என்ன சொல்வது, என் மனிசியைத் தீவிலே விட்டுவிட்டு வந்தேன், என் வேலையைத் தாருங்கள் என்றா? பின்னுக்கு நின்றவருக்கு இடம் விட்டுவிட்டுத் திரும்பினேன்.

அறையில் றெஜினா இல்லை. வெளிச்ச வீட்டுக்குக் கீழே பாறைகளுக்கு நடுவே கடல் தானே கட்டிவைத்த குளம் ஒன்று இருக்கிறது. நுன்சியா அந்தப் பக்கம் கையைக் காட்டினா. பஸ்ஸில் போய் இறங்கிப் பார்த்தால் என் மனிசி நீளக் கவுணோடு கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறாள். ஒரு வெள்ளைக்காரக் கிழவி தன் நீர்க்கண்ணாடியை அவள் முகத்தில் மாட்டிவிட்டுக்கொண்டிருக்கிறா. றெஜினா தலையைத் தாழ்த்தினாள், கனநேரம் எழும்பவில்லை. எழும்பியபோது என்னைக் கண்டுவிட்டாள்.

"இஞ்சை வாங்கோ. ஒருக்கால் வந்து பாருங்கோ" என்றாள். கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியாது.

காற்சட்டையோடு இறங்கினேன். முதலில் குளிர் முழங்காலைக் கடித்தது. கண்ணாடியைப் போட்டு முகத்தை உள்ளே விட்டேன். பச்சையும் நீலமும் சிவப்புக் கோடும் போட்ட மெல்லிய மீன்கள் என் விரலுக்கிடையால் போயின. பாறையில் ஒட்டிய ஊதா நிறப் பூஞ்செடிகள் மூச்சு விடுவதைப்போல விரிந்து சுருங்கின. கடற்கரையில் பிறந்தவன் நான். வலையில் செத்த மீனைத்தான் இவ்வளவு காலமும் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பின்னேரம் வரைக்கும் நாங்கள் கரையேறவில்லை. தோல் சுருங்கி விரல் வெளுத்துப்போயிற்று. ஆறரை மணி ஆனது எனக்குத் தெரியவே தெரியாது, தொலைபேசியும் எடுக்கவில்லை. மனதுக்கு அவ்வளவு சந்தோசம்.

ஞாயிறு பின்னேரப் படகில் திரும்பினோம். பெல்லெகிரீனோ மலை கிட்டக் கிட்ட வர, பலெர்மோ எங்கள் ஊர் மாதிரி எனக்குத் தெரிந்தது. வெளியே போய் வந்தால்தான் ஒரு இடம் ஊராகும்போல. அந்த எண்ணத்தோடு, போனால் என்ன நடக்குமோ என்ற பயமும் கூடவே வந்தது. பையோடு நேரே சிஞ்ஞோரா வீட்டுக்குப் போனோம்.

கதவைத் திறந்த அருளின் கண் சிவந்திருந்தது. "அத்தான், ஒருக்கால் குசினிக்கு வாங்கோ" என்றான். குளிர்ப்பெட்டியைத் திறந்து காட்டினான். மூன்று சட்டி. மூன்றிலும் மீன்குழம்பு, எண்ணெய் மிதக்க, ஒரு கரண்டி மட்டும் குறைந்தபடி.

"ஒவ்வொரு நாளும் புவோனோ எண்டவ. பிறகு சாப்பிடுறன் எண்டு கையாலை காட்டி உள்ளை வைக்கச் சொன்னவ. நான் நம்பி அடுத்த நாளும் வைச்சன். இண்டைக்கு மத்தியானந்தான் அவ களவாப் பாலிலை பாண் தோய்ச்சுச் சாப்பிடுறதைக் கண்டன். உங்களிட்டைச் சொல்லக் கூடாதெண்டு வாயிலை விரலை வைச்சுக் காட்டினவ. அத்தான், நான் நல்லாத்தானே சமைச்சன்?"

ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். சத்தியமாக அருமையான குழம்பு. எனக்கே மூக்கால் தண்ணீர் வந்தது. எங்கள் நாக்கை வைத்து ஒரு பலெர்மோக் கிழவியின் வயிற்றை நான் அளந்திருக்கிறேன்.

கூடத்துக்குப் போனேன். சிஞ்ஞோரா கதிரையில் கொஞ்சம் மெலிந்து இருந்தா. "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னால் நீ அடுத்த படகிலை வந்து நிண்டிருப்பாய். மூண்டு நாள் பாலும் பாணும் சாப்பிட்டு ஆரும் சாகேல்லை. அந்தப் பிள்ளையை ஏசாதே, அது மனம் வைச்சுத்தான் சமைச்சது. மூண்டாம் மாடிக்காரிக்கு ஆள் வேணுமாம். கறி எண்டால் உயிராம். நாளைக்கு அனுப்பிவிடு."

நான் குசினிக்குப் போனேன். உள்ளியை எண்ணெயில் வதக்கி, செலறி வெட்டிப் போட்டு, ஊஸ்திகாப் பருப்பைக் கொட்டி அவியவிட்டேன். தூள் இல்லை, மிளகாய் இல்லை. முக்கால் மணி நேரத்தில் பருப்பு பூவாக அவிந்தது. றெஜினா மேசையில் துணி விரித்தாள். சிஞ்ஞோரா ஊதி ஊதி, ஒரு சொல்லும் பேசாமல், தட்டு வெறுமையாகும்வரை சாப்பிட்டா. பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தா.

"இப்ப சொல்லு. தண்ணியிலை இறங்கினியா? ரெலிபோனிலை சொன்னதை நான் நம்பேல்லை."

"நேற்றுத்தான் இறங்கினன், சிஞ்ஞோரா. முதல் ரெண்டு நாளும் சொன்னது பொய்."

"நான் சொன்னதும்தான்" என்று தட்டை நீட்டினா. "இன்னும் கொஞ்சம் போடு."