குமுதா சொல்லாமல் விட்ட பர்சன்ட்

டெலிகான்பரன்ஸில் கேட்ட அந்தச் சத்தம் முதலில் எங்களுக்குப் புரியவில்லை. தகரம் ரோட்டில் இழுபடுவதைப் போல இருந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

"குமுதா காரு, பர்சன்ட் செப்பண்டி," என்றார் மண்டல அதிகாரி. பர்சன்ட்டைச் சொல்லும்படி தெலுங்கில் மறுபடியும் அதட்டினார்.

சித்தூர் மாவட்டத்தில் சில ஊர்கள் சேர்ந்த ஒரு மண்டலம், பெயர் வேண்டாம். நான் அங்கே பஞ்சாயத்து செக்ரட்டரி. குமுதா பக்கத்து ஊர் செக்ரட்டரி. அவள் ஊர் போதாதென்று, ஆள் போடாமல் காலியாகக் கிடந்த இன்னொரு ஊரையும் இன்சார்ஜ் என்று அவள் தலையில் கட்டியிருந்தார்கள். அன்று காலை அந்த ஊரில் தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது. பெண்கள் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். மெக்கானிக்கை வரச் சொல்லிவிட்டு, குமுதா ஸ்கூட்டரில் அங்கே விரைந்துகொண்டிருந்தாள்.

அதே நேரத்தில்தான் தினசரி டெலிகான்பரன்ஸ். வீட்டு சர்வே எத்தனை பர்சன்ட் முடிந்தது என்று கேட்டு, பின்தங்கிய ஊர்களைக் கூப்பிட்டு, எல்லோர் காதுபட வைவதுதான் அதன் வேலை. மாங்காய் சீசனில் ஜனம் தோப்பில் இருக்கும், வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டிடமா சர்வே எடுப்பது? இதைச் சொன்னால், "சாக்கு சொல்லவா சம்பளம்?" என்பார் அதிகாரி. லைனில் இல்லாவிட்டால் மெமோ. அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு ஸ்கூட்டர் முன்பெட்டியில் வைத்துக்கொண்டே ஓட்டுவோம். எல்லோரும் அப்படித்தான்.

குமுதா நன்றாக வேலை செய்கிறவள். அப்படிப்பட்டவளே அந்தச் சீசனில் தண்ணீர் டேங்குக்கு குளோரின் போட மறந்துபோனாள். "தூக்கமே வர்ல அண்ணா. கண்ண மூடினா பர்சன்ட்டு பர்சன்ட்டுனு காதுல கேட்டுக்கினே கீது," என்றாள். மனுஷியின் மூளையைப் பிடுங்கித் தின்றுவிட்டு, வேலை ஏன் நடக்கவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

அன்று லைனில் திடீரென்று ஓர் ஆண்குரல் வந்தது.

"யோவ், யாருய்யா நீ? இந்தம்மா வண்டியோட பள்ளத்துல வுயுந்து கெடக்குது. தலையில ரத்தம் ஊத்திக்கினு கீது. இன்னா பர்சன்ட்டு கேக்குற? ஆம்புலன்சு அனுப்புய்யா!"

மாந்தோப்புக் காவல்காரர் என்று பிறகு தெரிந்தது. மண்டலமே கேட்டுக்கொண்டிருந்தது.

"எவடுரா வாடு? மியூட் செய்யண்டி!" என்று, எவனடா அவன் எனத் தெலுங்கில் கத்தினார் அதிகாரி. அடுத்து என் ஊரைக் கூப்பிட்டார். நான் லைனை வெட்டிவிட்டு 108-க்கு அடித்தேன்.

இரண்டு நாள் கழித்துத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அவளைப் பார்க்கக் கிளம்பியபோது, மண்டல ஆபீஸில் அவளிடம் சேர்க்கச் சொல்லி ஒரு மெமோவை என்னிடம் கொடுத்தனுப்பினார்கள். அலுவலக டெலிகான்பரன்ஸில் வெளியாளைப் பேசவிட்டதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அதைப் பையைவிட்டு வெளியே எடுக்கவே இல்லை.

தலையில் தையல், தோளில் கட்டு. மோட்டாரைப் பற்றித்தான் முதலில் கேட்பாள் என்று நினைத்தேன்.

"அண்ணா, எங்க ஊரு பர்சன்ட்டு எவ்ளோ ஆச்சு?" என்றாள்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: போன் வந்தால் முதலில் வண்டியை ஓரங்கட்டுங்கள். மெமோ வந்தால் வரட்டும், காகிதம்தானே.

பூட்டிய வீடுகள் பூட்டியபடியே கிடக்க, காகிதத்தில் குமுதா ஊர் பர்சன்ட் அந்த வாரமே ஏறிவிட்டது. அவளுடைய இரண்டு ஊரையும் இன்னொரு செக்ரட்டரிக்கு இன்சார்ஜ் கொடுத்தார்கள். தன் ஊரோடு சேர்த்து மூன்றையும் பார்க்க அவர் ஸ்கூட்டரில்தான் ஓடினார். முன்பெட்டியில் போன் பேசிக்கொண்டே இருந்தது.