ஏ டீமும் பி டீமும் ஒரு பிஸ்கட் பாட்டிலும்

கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்ப்பவனுக்குக் கப்பல் வந்தாலும் தலைவலி, வராவிட்டாலும் தலைவலி. ஏற்றுமதி செய்கிறவர்களுக்காகக் கஸ்டம்ஸில் பேப்பர் போட்டு, அவர்களுடைய கன்டெய்னர் பெட்டியைக் கப்பலேற்றிவிடுவது எங்கள் பிழைப்பு. தூத்துக்குடிக் கிளைக்கு நான் மேனேஜர். கொரோனாக் காலத்தில் தலைமை அலுவலகத்துக்குப் பதில் மெயில் போட்டே பாதியாக இளைத்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள். ஆறடி தள்ளியே உட்காருங்கள்.

அந்தச் சமயத்தில்தான் கீழவைப்பார் ரொசாரி அக்கா என்னிடம் வந்தார். பல வருடமாகக் கருவாடு காயப்போட்டுப் பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்து வந்தவர், முதல் தடவையாகத் தன் பெயரிலேயே கொழும்புக்கு ஒரு பெட்டி அனுப்பத் துணிந்திருந்தார். அதை என்னை நம்பிக் கொடுத்தார். நானோ ஒரு திட்டத்தை நம்பிக்கொண்டிருந்தேன்.

பனிப்புயல்

ஊரடங்கு வந்த வாரமே சென்னையிலிருந்து 'தொழில் தொடர்ச்சித் திட்டம்' என்று நாற்பது பக்கம் வந்தது. யார் படுத்தாலும் வேலை படுக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மாற்று ஆள், ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு மாற்றுச் சாமான் எழுதி இரண்டே நாளில் அனுப்ப வேண்டும். எந்தக் குளிர் நாட்டுக் கம்பெனியிடம் வாங்கிப் பெயரை மட்டும் மாற்றினார்களோ, பதினேழாம் பக்கத்தில், 'பனிப்புயலின்போது ஊழியர்கள் அலுவலகம் வருவது எப்படி?' என்று ஒரு கட்டம். வெளியே வெயிலில் தார் உருகிக்கொண்டிருந்தது. 'பொருந்தாது' என்று எழுதினேன். 'எந்தக் கட்டத்தையும் பொருந்தாது என்று விடக் கூடாது' என்று திருப்பி அனுப்பினார்கள்.

எரிச்சலில் அதை எங்கள் சீனியர் கிளார்க் சேவியரிடம் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டுச் சொன்னார்:

"இங்கன பனி பெஞ்சா உப்பளத்துக்காரனுக்குத்தான் சார் கஷ்டம். எதை அள்ளுததுன்னு தெரியாம முழிப்பான்."

ஒன்பது நிமிடம்

அடுத்தது ஒத்திகை. நான் சேவியருக்குப் போன் செய்ய வேண்டும், அவர் அடுத்தவருக்கு, இப்படியே கடைசி ஆள் வரை போய், கடைசி ஆள் எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய செய்தியையும் அவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள்: 'அலுவலகத்தில் ஒருவருக்குத் தொற்று, அலுவலகம் மூடப்படுகிறது.' இது ஒத்திகைதான் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் மூன்றாவது ஆளோடு கழன்றுகொண்டது. தொற்று வந்தவருக்கு யாரோ என் பெயரையும் வைத்துவிட்டார்கள்.

ஒன்பதாவது நிமிடம் போன் அடித்தது. கடைசி ஆள் இல்லை, விளாத்திகுளத்திலிருந்து என் மாமியார். அழுகை. எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்று அரை மணி நேரம் தொண்டை கட்டும்வரை சத்தியம் செய்தேன். கடைசியில் அவர் சொன்னார்:

"நல்லா இருக்கேன்னு நீங்களே சொன்னா எப்படி மாப்ள? வேற யாரையாவது சொல்லச் சொல்லுங்க."

பாதுகாப்பான மூன்றாம் இடம்

ஆபீஸில் இருந்த பத்துப் பேரையும் இரண்டாகப் பிரிக்கச் சொன்னார்கள். ஏ டீம் திங்கள் முதல் புதன் வரை, நான் இருந்த பி டீம் வியாழன் முதல் சனி வரை. ஒருவர் முகத்தில் மற்றவர் விழிக்கக் கூடாது. ஒரு டீம் படுத்தாலும் மற்றது நிற்கும். யோசனை நல்ல யோசனைதான், அதை நான் மறுக்கவில்லை. சிக்கல் டோக்கனில் வந்தது. பார்க்க பென் டிரைவ் மாதிரி இருக்கும், எங்கள் டிஜிட்டல் கையெழுத்து அதற்குள் இருக்கிறது, அதைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் கஸ்டம்ஸுக்குப் பேப்பர் போகும். எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. இன்னொன்று கேட்டு எட்டு மெயில் போட்டேன். கூரியர் ஓட ஆரம்பித்ததும் அனுப்புகிறோம் என்றார்கள்.

ஆளில்லாத ஆபீஸில் டோக்கனை வைக்கக் கூடாது, 'பாதுகாப்பான மூன்றாம் இடத்தில்' கைமாற்ற வேண்டும் என்று முப்பத்தோராம் பக்கம் சொன்னது. ஆபீஸுக்கு அடுத்த கட்டடத்தில் ஜெயபால் அண்ணாச்சியின் பலசரக்குக் கடை. வீடும் அதன் மாடியிலேயே. புதன்கிழமை ஏ டீம் போட்டுவிட்டுப் போவதை வியாழக்கிழமை பி டீம் எடுத்துக்கொள்ள, காலி பிஸ்கட் பாட்டில் ஒன்றை ஒதுக்கித் தந்தார். இரண்டு டீமும் சந்திக்கக் கூடாது என்பதை விளக்கினேன். அண்ணாச்சி தைரியம் சொன்னார்:

"நீங்க சந்திக்கவே வேண்டாம் தம்பி. அங்க என்ன நடக்குன்னு இவங்களுக்கும், இங்க என்ன நடக்குன்னு அவங்களுக்கும் நான் ஒண்ணுவிடாம சொல்லிருதேன்."

தகரம்

சொன்னபடியே செய்தார். தினமும் கடை வாசலில் நின்று மற்ற டீமின் சங்கதியைக் கேட்காமல் எங்களில் ஒருவரும் வீடு போனதில்லை, நான் உட்பட.

ஒரு புதன்கிழமை இரவு ரொசாரி அக்காவின் பெட்டி துறைமுகத்துக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை மதியத்துக்குள் பேப்பர் போகாவிட்டால் கப்பல் அதை விட்டுவிட்டுப் போய்விடும். இந்தக் கப்பலில் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று கொழும்புக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை காலை டோக்கன் எடுக்கப் போகிறேன், கடையை மறித்து மாநகராட்சி ஆட்கள் தகரம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அண்ணாச்சிக்குக் காய்ச்சல், பரிசோதனையில் பாசிட்டிவ். யாரோடெல்லாம் பேசினீர்கள் என்று கேட்டதற்கு, நேர்மையான மனுஷன், எங்கள் பத்துப் பேரையும் வரிசையாகச் சொல்லிவிட்டார். இரண்டு டீம், தனித்தனி, திட்டப்படி என்று நான் நாற்பது பக்கத்தையும் காட்டி வாதாடினேன். சுகாதார ஆய்வாளர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்:

"ரெண்டு டீமுன்னு நீங்கதான் சொல்லுதிய சார். எனக்கு எல்லாம் ஒரே டீமாத்தான தெரியுது? பத்துப் பேரும் பதினாலு நாள் வீட்டுக்குள்ள இருங்க."

வலை

வீட்டில் நான் இருக்கிறேன், லேப்டாப் இருக்கிறது, டோக்கன் தகரத்துக்குப் பின்னால் இருக்கிறது. சென்னைக்கு மெயில் போட்டேன். 'மாற்று டீமைப் பயன்படுத்தவும்' என்று பதில் வந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். பாட்டிலை மாடிக்குக் கொண்டுபோய்விட்டேன், பத்திரமாக இருக்கிறது என்றார். பத்திரமாக இருந்து என்ன செய்ய? ரொசாரி அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அண்ணாச்சி நம்பரையும் என் வீட்டு முகவரியையும் மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை, கருவாட்டு வேனுக்கு வாங்கியிருந்த ஊரடங்கு பாஸில் வந்து இறங்கினார், மீன் அள்ளும் கைவலையை நீளமான கம்பில் கட்டிக்கொண்டு. தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்று மாடி ஜன்னலுக்கு வலையை நீட்ட, அண்ணாச்சி பிஸ்கட் பாட்டிலை அதற்குள் போட்டிருக்கிறார். பாட்டிலை சானிடைசரால் குளிப்பாட்டி, என் வீட்டு கேட்டில் மாட்டிவிட்டு அக்கா தள்ளி நின்றார். அன்று மதியமே பேப்பர் போனது. பெட்டி கப்பலேறியது. தூத்துக்குடிக் கிளையின் மாற்று ஏற்பாடு சிறப்பு, மற்ற கிளைகளும் பின்பற்றலாம் என்று சென்னையிலிருந்து பாராட்டு வந்தது, பனிப்புயல் கட்டம் இன்னும் நிரப்பப்படவில்லை என்ற நினைவூட்டலோடு.

துள்ளிக்கொண்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "பெட்டி ஏறிட்டு அண்ணாச்சி!" அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி அடங்கக் கொஞ்ச நேரமானது. பிறகு சொன்னார்:

"சந்தோசம் தம்பி. தகரம் அடிச்சதிலேருந்து ஏழு தடவ பேசிட்டிய, ஏழு தடவையும் டோக்கன் எங்கன்னுதான் கேட்டிய. காய்ச்சல் எப்படி இருக்கு, கஞ்சி குடிச்சியளான்னு கேட்டது அந்த அம்மா ஒருத்திதான்."

தூத்துக்குடியில் பனி பெய்தால் என்ன செய்வது என்றுகூட யோசித்த அந்த நாற்பது பக்கத்தில், அண்ணாச்சிக்குக் காய்ச்சல் வந்தால் யார் விசாரிப்பது என்று ஒரு கட்டம்கூட இல்லை.