மஞ்சள் துணி கட்டிய இன்ஜின்

பாம்பூ கிராமத்தில் பொன்னம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. 'ஃபாம்சாஜ்' என்றால் போதும், கரும்புத் தோட்டத்தில் யாரும் வழி காட்டுவார்கள். அந்தத் தீவின் கிரியோல் பேச்சில் மருத்துவச்சி என்று பொருள். தலைநகர் போர்ட் லூயியில் படித்துச் சான்றிதழ் வாங்கி வந்தவள். வாய்தான் கொஞ்சம் நீளம். வலியில் கத்துகிறவளையும் திட்டுவாள், வாசலில் நகம் கடித்துக்கொண்டு நிற்கிற புருஷனையும் திட்டுவாள், துரை குறுக்கே வந்தால் அவருக்கும் உண்டு. அவளுடைய புருஷன் பழனியாண்டி பாதித் திட்டிலிருந்து தப்பித்தான் என்றால், அவன் வாயைத் திறப்பதே இல்லை என்பதால்தான்.

பழனியாண்டிக்குத் தோட்டத்துப் பட்டறையில் மெக்கானிக் வேலை. யுத்த காலத்துச் சிப்பாய் ஒருவன் விட்டுப் போன மோட்டார் சைக்கிளின் எலும்புக்கூடு அவனிடம் இருந்தது. அதில் பழைய தண்ணீர்ப் பம்பின் இன்ஜினைப் பொருத்தினான். மனைவிக்காகச் செய்த வண்டி அது. மலைச்சரிவில் இருந்த மேல் காம்ப் குடியிருப்புக்கு அவள் நடந்து போய்ச் சேர்வதற்குள் அங்கிருந்த பியெரெட் என்பவளுக்கு இரண்டு பிள்ளைகள் செத்துப் பிறந்திருந்தன. "மூணாவதை உயிரோட உன் மடியில போடுறேன்" என்று பொன்னம்மா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்கு இப்போது இந்தப் பம்பு இன்ஜினை நம்பி இருந்தது.

பொங்கல் சமயத்தில் வண்டி ஒரே மூச்சில் மேல் காம்ப் வரை ஏறி இறங்கியது. காவடிக்குக் கோயிலில் கொடியேறிய வாரத்திலிருந்து மக்கர். சமதரையில் சமர்த்தாக ஓடும். மேடு வந்தால் இன்ஜின் கொதித்து, உள்ளே டங் டங்கென்று தட்டி, எண்ணெய் கருகும் வாசனையோடு நின்றுவிடும். ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

பழனியாண்டி ஆயில் மாற்றினான். பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, பெட்ரோல் கூடுதலாகப் போகட்டும் என்று கார்புரேட்டரைப் பிரித்துத் துவாரத்தைப் பெரிதாக்கினான். தீப்பொறி விழும் நேரத்தைத் திருத்தினான். எதற்கும் மசியவில்லை. "என்னதான் கோளாறு?" என்று பொன்னம்மா கேட்டால், "பாக்கலாம்" என்பான். அந்த 'பாக்கலாம்' அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காவடிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கையில், பிற்பகலில், பியெரெட்டின் புருஷன் டானியேல் சைக்கிளில் வந்து விழுந்தான். "வித், வித்! சீக்கிரம் வாங்க! பனிக்குடம் உடைஞ்சு போச்சு, மாதாம்! கயிறு மாதிரி என்னமோ வெளிய தெரியுது!"

பொன்னம்மாவுக்கு உடனே புரிந்தது. கயிறு என்றால் தொப்புள்கொடி. பிள்ளையின் தலை அதை அழுத்திக்கொண்டிருக்கும். இனி ஒவ்வொரு நிமிஷமும் அந்தப் பிள்ளையின் மூச்சு. பையை எடுத்துக்கொண்டு பழனியாண்டியின் பின்னால் வண்டியில் தொற்றினாள்.

ஆலமரத்து மேட்டில் தட்டல் ஆரம்பித்தது. "நிறுத்தாதீங்க, விடுங்க!" என்று அவள் அவன் முதுகில் குத்தினாள். மேட்டின் பாதியில் இன்ஜின் முனகி நின்றது. காலுக்கருகே நெருப்பாகச் சுட்டது. மேல் காம்பின் தகரக் கூரைகள் கண்ணுக்குத் தெரிந்தன, ஆனால் நடந்தால் பிள்ளை போய்விடும்.

பழனியாண்டி இறங்கினான். இன்ஜினைப் பார்க்கவில்லை. அதன் முன்னால் கட்டியிருந்த மஞ்சள் துணியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

கொடியேறிய அன்று இருவரும் கையில் காப்புக் கட்டி விரதம் எடுத்தபோது, வண்டிக்கும் ஒரு காப்பு இருக்கட்டும் என்று அவள்தான் மஞ்சளில் நனைத்த துணியை மூன்றாக மடித்து, இன்ஜினுக்கு முன்னாலிருந்த குழாய்களில் குறுக்கே இறுக்கிக் கட்டினாள். கண்ணேறு படாதாம், புழுதியும் போகாதாம். காற்றும்தான் போகவில்லை. பம்பில் இருந்தபோது விசிறி ஊதிக் குளிர வைத்த இன்ஜின் அது. வண்டியில் எதிர்க்காற்று பட்டால்தான் சூடு தணியும்.

அவளுக்குச் சுரீரென்றது. "இதுதானா?"

அவன் தலையசைத்தான்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மோ தி கொனே," என்றான் மெதுவாக. தெரியும், முதல் நாளே தெரியும். "சாமி காரியம். காவடி முடியாம காப்பை அவிழ்க்கக் கூடாது. அதுவும் நீ கட்டினது. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

அத்தனை நாள் அவன் ஆயிலையும் பிளக்கையும் கட்டிக்கொண்டு அழுதது இவள் வாய்க்குப் பயந்து. பொன்னம்மாவுக்கு வந்த கோபத்தில் அவனை அந்தச் சரிவிலேயே உருட்டி விட்டிருப்பாள். அதற்கு நேரமில்லை. பையைத் திறந்து, கொடி அறுக்க வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்து, "முருகா, குத்தம்னா என்னைக் கேட்டுக்கோ" என்று துணியை அறுத்து எறிந்தாள். இருவரும் வண்டியைத் தள்ளினார்கள். காற்றில் இன்ஜின் ஆறும்வரை தள்ளினார்கள். உதைத்ததும் பிடித்தது. அதன் பிறகு காம்ப் வாசல்வரை ஒரு தட்டல்கூட இல்லை.

பியெரெட் பிழைத்தாள்.

பிள்ளை ஆண். பொன்னம்மாவின் விரல் பட்டபோது கொடி இன்னும் கதகதப்பாக இருந்தது, துடிப்பு மட்டும் இல்லை. ஊதிப் பார்த்தாள், தேய்த்துப் பார்த்தாள், காலைப் பிடித்துத் தட்டிப் பார்த்தாள். இப்போதுதான் போயிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியாதா? தான் கட்டிய துணியும் புருஷன் கட்டிய வாயும் சேர்ந்து தின்ற நேரம் அது.

வெளியே பழனியாண்டி வண்டியருகே நின்றான். அழுகுரல் கேட்காததிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா...?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். தாட்சண்யம் பார்த்து அவள் யாரிடமும் எதையும் மறைத்ததில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

"காலையிலேயே போயிடுச்சு," என்றாள். "பறந்து வந்திருந்தாலும் கிடைச்சிருக்காது."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து, ஆயில் படிந்த கைகளால் முகத்தை மூடிக்கொண்டு, அப்பாடா என்று அழுதான். பொன்னம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவளுக்கு அழக்கூட வழியில்லாமல் போயிற்று.