மஞ்சள் ஹெல்மெட்டில் எழுதிய பெயர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் நான் சூப்பர்வைசர். என் ஷிஃப்டில் தமிழ் பேசுகிறவர்கள் ஏழு பேர்தான். மற்றவர்கள் எல்லாம் வடக்கிலிருந்து ரயிலேறி வந்தவர்கள். எங்கள் பேச்சில் பாதி கைஜாடை, மீதி கெட்ட வார்த்தை.

"தோ, அத எடு" என்று நான் ஒன்றைக் காட்டினால் பீகார்க்காரர் இரண்டைத் தூக்கி வருவார். அவர் மொழியில் தோ என்றால் இரண்டு. வேலை எப்போது முடியும் என்று கேட்டால் "கல்" என்பார். நாளைக்கு என்று அர்த்தமாம். நேற்றைக்கும் அதே சொல்தானாம். இப்படிச் சின்னச் சின்னச் சொற்கள் நடுவில் கிடந்து காலை இடறும். சிரித்துவிட்டுப் போவோம். அதோடு நின்றிருந்தால் இதை நான் எழுத வேண்டியிருக்காது.

அசாமிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். கையுறை இருக்கிறதா என்று கேட்டால் "நாய்" என்பார். சாப்பாடு ஆச்சா? "நாய்." இல்லை என்பதற்கு அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்களாம். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். இரண்டே நாளில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

காண்ட்ராக்ட் ஆட்களுக்கு மஞ்சள் ஹெல்மெட். ஒருவருடையது இன்னொருவரிடம் போகாமலிருக்க, அதன் முன்பக்கம் பெயரை எழுதுவது சூப்பர்வைசர் வேலை. பெயிண்ட் மார்க்கரை எடுத்து, தமிழில், பெரிதாக, அந்தச் சொல்லையே எழுதினேன்.

"சார், இது என் பேர்?"

"ஆமா, உன் பேருதான்."

அதைப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினார். அன்றைக்கு அது எனக்குப் பெரிய சாமர்த்தியமாகப் பட்டது.

அவருக்கு ஒரே மகள். இங்கே அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. டீ நேரத்தில் அவளைத் தவிர வேறு பேச்சே கிடையாது. "பாப்பா தமிள் நல்லா படிக்குது சார். பாப்பா ஆபீஸ் வேலை போகும்." அந்தப் பிள்ளையின் முன்னால் தான் ஒரு கம்பெனிக்காரர் என்கிற பெருமை ஒன்றுதான் அந்த மனிதரின் சொத்து. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

ஆயுத பூஜைக்கு எல்லோரும் குடும்பத்தோடு ஆலைக்கு வருவார்கள். முந்தின நாள் மிஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கிரேன் ஆபரேட்டர் கேட்டார்.

"சார், நாளிக்கு அவன் ஊட்ல இருந்து வருவாங்கோ. தின்னர் போட்டு ஹெல்மெட்ல கீற அந்தப் பேர தொடச்சிடட்டா?"

"உடுய்யா, அது ஒரு பேஜாரு. மொதல்ல ரோலரத் தொட."

மறந்துவிட்டேன் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். ஐந்து நிமிடத்தை அவருக்காகச் செலவழிக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் ஹெல்மெட்டுகளையும் வரிசையாக அடுக்கிப் பொட்டு வைத்திருந்தோம். அவர் இஸ்திரி போட்ட சட்டையில் மனைவி, மகளோடு வந்தார். நேராக என்னிடம் அழைத்து வந்து, தன் ஹெல்மெட்டை எடுத்து மகள் கையில் கொடுத்தார்.

"படி பாப்பா. சார் முன்னாடி படி. அப்பா பேர்."

அவள் வாயைத் திறந்தாள். எழுத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது. நான் தரையைப் பார்த்தேன்.

"படி" என்றார் மறுபடியும், சிரித்துக்கொண்டே.

அவள் பக்கத்திலிருந்த சந்தனக் கிண்ணத்தில் கையை விட்டு, அள்ளி, அந்த எழுத்துகளின் மேல் அப்பினாள். ஒரு கோடுகூடத் தெரியாமல் மூடும்வரை அப்பினாள்.

அவர் மகளின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். கம்பெனிப் பொருளைப் பாழாக்கிவிட்டாளே, அதுவும் சார் எதிரில். "சாரி சார், சின்ன பொண்ணு, தெரியாது" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அடி வாங்கியவள் அழவில்லை. ஏன் அப்படிச் செய்தாள் என்று அப்பாவிடம் சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டிய நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"பரவால்ல, உடுப்பா" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, பொரிப் பொட்டலத்தை நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவள் வாங்கவில்லை.