நாய் துரத்தாத வண்டி

"பிரேக்" என்றார் மாஸ்டர். நான் மிதிப்பதற்குள் தன் பக்கத்துப் பிரேக்கை அவரே மிதித்துவிட்டார். வண்டி நடுச்சாலையில் குலுங்கி நின்றது. பின்னால் வந்த பால் வண்டிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. குறுக்கே ஆளும் இல்லை, மாடும் இல்லை. மாஸ்டர் நிதானமாக இறங்கி, ஓரத்துக்குப் போய், பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சற்று இழுத்துவிட்டுக்கொண்டு குந்தினார். அங்கே ஒரு நாய் வெளிக்கு இருந்துவிட்டுப் போயிருந்தது. குச்சி ஒன்றைப் பொறுக்கி அதை இப்படியும் அப்படியும் புரட்டினார். முகத்தில் அரிசியில் கல் பார்க்கும் கவனம். பிறகு அதைக் காகிதத்தில் அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கையைக் கழுவி, வந்து உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கு. பூச்சி இல்ல. எடுங்க மேடம். முதல்ல கிளட்ச்."

எனக்கு ஐம்பது வயதாகப் போகிறது. இந்த வயதில் உனக்கு எதற்குக் கார் என்று வீட்டுக்காரர் கேட்டதற்காகவே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். சாலையைப் பார்க்கச் சொல்லித் தருகிறவர் தான் மட்டும் தரையையே பார்த்துக்கொண்டு வருவார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சேர்ந்த பிறகுதான் ஊரே அவரைப் 'பூச்சி மாஸ்டர்' என்று அழைப்பது தெரிந்தது. அவருக்கும் அது தெரியும். பெயரில் பூச்சி இருந்தால் பரவாயில்லை, வயிற்றில் இருக்கக்கூடாது என்பார்.

ஒல்லியான, உயரமான மனிதர். வெள்ளைச் சட்டையில் இரண்டு பைகள். இடது பையில் பேனாவும் கண்ணாடியும். வலது பையில் பூச்சி மாத்திரை அட்டையும் ஊசி கழற்றிய ஒரு சிரிஞ்சும். வண்டியின் முன்பெட்டியில் வேகவைத்த ஈரல் டப்பா ஒன்று நிரந்தரமாக இருக்கும். வெயில் ஏற ஏற அதன் வாசனையும் ஏறும். அந்த வண்டியில் ஓட்டக் கற்றுக்கொண்ட யாருமே கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு ஓட்டியதில்லை.

பாடம் நடத்துவதும் அதே வழிதான். "கிளட்ச்ச மெதுவா விடுங்க மேடம். நாய் வாய்ல மாத்திரையப் போட்டுட்டுக் கைய எடுப்போம்ல, அந்த மாதிரி. வெடுக்குன்னு எடுத்தா கடிச்சிரும்." நான் பிறந்ததிலிருந்து எந்த நாயின் வாயிலும் கை விட்டதில்லை. ஆனாலும் எனக்குக் கிளட்ச் பழகியது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

சிக்னலில் நின்றால், நாயைப் பிடித்துக்கொண்டு யாராவது நடந்து போனால் போதும், மாஸ்டரின் தலை வெளியே போய்விடும். "வெளிக்கி எப்படிப் போகுது?" என்பதுதான் முதல் விசாரிப்பு. பெயர், ஊர் எல்லாம் அப்புறம். ஒரு தடவை நாயைப் பிடித்திருந்தவரின் மாமனாரும் கூடவே நடந்து வந்துகொண்டிருந்தார். பெரியவர் தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, காலையில் எழுந்ததிலிருந்து தொடங்கி விவரமாகச் சொன்னார். மாஸ்டர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டுவிட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். பிறகுதான் நாயைப் பற்றி விசாரித்தார். பின்பக்கத்தைத் தரையில் தேய்க்கிறதா, வாலடியில் அரிசி மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கேட்டார். எங்கள் நாய் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை என்று மருமகன் பெருமையாகச் சொன்னார்.

"நாய் போக வேணாம் சார். உங்க செருப்பு போயிட்டு வருதே, அது போதும்" என்றார் மாஸ்டர். சிக்னல் விழுந்து நாங்கள் நகர்ந்தபோது, மருமகன் ஒற்றைக்காலில் நின்று செருப்பின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர் நாய்கள் எல்லா வண்டியையும் துரத்தும். தபால்காரரை, தண்ணீர் லாரியை, எதையும் விடாது. மாஸ்டரின் வண்டியை மட்டும் துரத்தாது. அதன் சிவப்பு எல் போர்டு தெருமுனையில் தெரிந்தாலே தெரு காலியாகிவிடும். கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள்; இங்கே மாத்திரையைக் கண்டால் நாயைக் காணோம். முதலில் ஈரலுக்குள் மாத்திரையை வைத்துத்தான் கொடுத்துப் பார்த்திருக்கிறார். நாய்கள் சீக்கிரமே ஈரலைத் தின்றுவிட்டு மாத்திரையைச் சுத்தமாகத் துப்பப் பழகிவிட்டன. அதனால் வாயைத் திறந்து, நாக்கின் அடிவரை தள்ளி, வாயை மூடித் தொண்டையைத் தடவிவிடத் தொடங்கினார். அதை மட்டும் எந்த நாயும் மன்னிக்கவில்லை.

நாய்களுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்களும் தொழிலோடு சேர்ந்தவை. காரணமில்லாமல் குரைப்பது ஹாரன். ஒரு காலைத் தூக்கித் தூக்கி நடப்பது கிளட்ச். டயர்க் கடைப் பக்கத்துப் பழுப்பு நாய், அவரைக் கண்டால் திரும்பிக்கூட ஓடாமல், கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே நடந்து சந்துக்குள் போய்விடும். அதன் பெயர் ரிவர்ஸ். ஒன்றுகூட அவர் முகத்தைப் பார்க்காது. எல்லாம் அவர் கையைத்தான் பார்க்கும். வெறுங்கையோடு வந்தாலும் நம்பாது.

டீக்கடைக்காரர் உடைந்த பிஸ்கட்டை எறிவார். நாய் செத்ததா பிழைத்ததா என்று அவருக்குக் கவலையில்லை. அவருக்கு வால் ஆடும். மாஸ்டருக்கு ஆடாது. அவருக்கு இது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது என்பது எனக்கு ஒருநாள் சிக்னலில் தெரிந்தது.

"இந்த ஏரியாவுல எல்லா நாய்க்கும் நான்தான் மருந்து குடுக்கறேன். ஒண்ணாவது என்னப் பாத்து வால ஆட்டியிருக்கா, நீங்களே சொல்லுங்க" என்றார். பச்சை விளக்கு விழுந்துவிட்டது. "ஒண்ணு போதும் மேடம்."

கிளட்ச்சை வெடுக்கென்று விட்டு வண்டியை அணைத்துவிட்டேன். அவர் திட்டவில்லை.

இந்தப் பூச்சி மருந்து தொடங்கிய கதையை எனக்குச் சொன்னது அவர் மனைவி. டிரைவிங் ஸ்கூல் ஆபீஸ் என்பது அவர்கள் வீட்டு முன்னறைதான். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மாஸ்டரம்மாவைத் தாண்டாமல் யாரும் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. அவர்கள் மகள் படிக்கும் காலத்தில் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். மாஸ்டரின் கார்ச் சத்தம் கேட்டால் அது உருண்டு உருண்டு வாசலுக்கு ஓடிவருமாம். அதன் தொப்பையைத் தட்டி, எல்லாம் நம் வீட்டுச் சாப்பாடு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டியிருக்கிறார். தொப்பை பெருத்துக்கொண்டே போனது, கால் மெலிந்துகொண்டே போனது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, இது சாப்பாடு இல்லை, தாய் வயிற்றிலேயே வந்த பூச்சி என்று சொன்னபோது காலம் கடந்துவிட்டது. குட்டி பிழைக்கவில்லை.

"அதுலேருந்து இந்த மனுஷன் எந்தக் குட்டியோட தொப்பையப் பாத்தும் சிரிச்சதில்ல" என்றார் மாஸ்டரம்மா. சொல்லிவிட்டு, கண் கலங்கியதை மறைக்கவோ என்னவோ, உடனே தராசுக்குத் தாவினார். எடை தெரியாமல் மருந்து கொடுக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், மாவு நிறுக்கும் தராசில் மனிதர் நாய்க்குட்டியை நிறுத்திருக்கிறார். கழுவிவிட்டேன் என்கிறார், கழுவினால் ஆயிற்றா என்று என்னையே நியாயம் கேட்டார். இப்போது புதுத் தராசு ஒன்று பீரோவுக்குள் பூட்டியிருக்கிறது. பழையது வண்டியின் டிக்கியில் ஸ்டெப்னியோடு இருக்கிறது.

லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு நாள் வந்தது. டயர்க் கடையை ஒட்டிய மைதானத்தில்தான் டெஸ்ட். அதிகாரி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மாஸ்டர் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது விதி. நான் அழகாகக் கிளம்பினேன், அழகாகத் திருப்பினேன். மூன்றாவது கியரும் விழுந்தது. வளைவில் பாதையின் நடுவே அது கிடந்தது.

என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. அதிகாரியின் நெற்றி முன்கண்ணாடி வரை போய்த் திரும்பியது. என்ன குறுக்கே வந்தது என்று கேட்டார். நான் விரலை நீட்டிக் காட்டினேன். அதோடு விட்டிருந்தால்கூட ஏதாவது சமாளித்திருக்கலாம். அதற்குள் கதவைத் திறந்து ஒரு காலையும் கீழே வைத்துவிட்டேன்.

அதிகாரி இறங்கி வேறு வண்டிக்குப் போய்விட்டார். கேட்டைத் தாண்டி மாஸ்டர் ஓடிவந்தார். எனக்காகக் கெஞ்சத்தான் வருகிறார் என்று நினைத்தேன். என்னையும் அதிகாரியையும் கடந்து போய் வளைவில் குந்தினார். நானும் போய்ப் பார்த்தேன். வெள்ளை நூல்கள் சுருண்டு கிடந்தன. மாஸ்டரின் முகம் செத்துப்போயிருந்தது.

"இது ரிவர்ஸோடது. இந்த வளைவுலதான் அவ எப்பவும் இருப்பா" என்றார். "இப்பத்தான் டயருக்குப் பின்னாடி குட்டி போட்டிருக்கா மேடம். தாய்க்கு இவ்வளவு இருந்தா குட்டிங்களுக்கு இல்லாம இருக்குமா? பால்லயே போயிருக்கும்."

என் லைசென்ஸ் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கும் அப்போது அது பெரிதாகப் படவில்லை. வீட்டுக்காரர்தான் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சாப்பிடும்போதெல்லாம் சிரித்துப் புரையேற்றிக்கொண்டிருந்தார்.

பழைய டயர்க் குவியலுக்குப் பின்னால் குட்டிகள் கிடந்தன. கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் பானை போல வயிறு. டயர் மாற்ற வந்த ஒரு பெண் எட்டிப்பார்த்து, எவ்வளவு கொழுகொழுவென்று இருக்கிறது என்று கொஞ்சினாள். மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் திறந்ததும் மருந்தைத் தொடங்க வேண்டும், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை விடாமல் கொடுக்க வேண்டும், தாய்க்கும் சேர்த்துக் கொடுத்தால்தான் பலன் என்பது டாக்டர் சொன்னது. அவர் சிரிஞ்சோடு ஓர் அடி வைத்தார். ரிவர்ஸ் எழுந்து நின்றது. பல்லைக் காட்டியது. வாழ்க்கையில் முதல் முறையாக அவரை நோக்கி முன்னால் வந்தது. அன்றைக்குப் பின்பக்கமாகவே நடந்தவர் மாஸ்டர்தான்.

என்னையும் அது விடவில்லை. எல் போர்டு வண்டியில் வருகிற ஆளாயிற்றே. கடைசியில் வேறு வழியில்லாமல் மாஸ்டர் தன் மனைவி முன்னால் போய் நின்றார். மாஸ்டரம்மா மாட்டேன் என்றார், முடியாது என்றார், வாந்தி வரும் என்றார். பிறகு அந்தப் பழைய குட்டியின் நினைவு வந்ததோ என்னவோ, செருப்பை மாட்டிக்கொண்டார். வண்டியைக் கண்ணில் படாமல் தூரத்தில் நிறுத்தினோம். மாஸ்டரம்மா ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் ஈரலை நீட்டியபடி ரிவர்ஸ் முன்னால் உட்கார்ந்தார்.

"தின்னுடி. உனக்காவது ஈரல் வேகவச்சுக் குடுக்கறாரு. எனக்கு இத்தன வருஷத்துல ஒரு டீ போட்டுக் குடுத்ததில்ல."

ரிவர்ஸ் காதைத் தாழ்த்தி முழுக் குறையையும் கேட்டது. கேட்டுக்கொண்டே மாத்திரையோடு ஈரலைத் தின்றது. அந்த நேரத்தில் நான் டயருக்குப் பின்னால் போய்க் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காரின் மறைவுக்குக் கொண்டுவந்தேன். மாஸ்டர் மாவுத் தராசில் நிறுத்து, சிரிஞ்சில் அளந்து, வாயோரத்தில் விட்டார். விட்டுக்கொண்டே, "வெறுக்கட்டும் மேடம். உயிரோட இருந்து வெறுக்கட்டும்" என்றார்.

இதே நாடகம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நடந்தது. தினமும் காலையில் மைதானத்தைச் சுற்றி வந்து, விழுந்ததையெல்லாம் அள்ளிச் சுத்தம் செய்தார். விட்டால் மண்ணில் முட்டை தங்கிவிடும், குழந்தைகள் விளையாடுகிற இடம் என்றார். இரண்டாவது டெஸ்ட்டில் நான் தேறியதற்கு அந்தச் சுத்தமும் ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை. லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் மருந்து நாளில் போய்விடுவேன். குட்டிகளுக்கு வயிறு வற்றிக் கால் வளர்ந்தது. கால் வளர்ந்ததும் அறிவும் வளர்ந்தது. எல் போர்டைக் கண்டால் நாலு திசையிலும் பறந்தன. மாஸ்டர் ஒவ்வொன்றாக விரட்டிப் பிடித்து மருந்து கொடுத்தார். அத்தனையும் பிழைத்துவிட்டன. அத்தனையும் அவரை வெறுத்தன.

ஒன்றைத் தவிர. இருப்பதிலேயே சின்னது. கடைசி வரை வயிறு வற்றாமல் எங்களைப் பயமுறுத்தியதும் அதுதான். முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது என்பதால் நியூட்ரல் என்று பெயர் வைத்திருந்தார். மற்றவை கற்றுக்கொண்ட பாடம் அதற்கு ஏனோ ஏறவில்லை. போன மருந்து நாளில் நாங்கள் போய் இறங்கியபோது மற்றவை ஓடிவிட்டன. நியூட்ரல் ஓடவில்லை. தள்ளாடித் தள்ளாடி வந்து மாஸ்டரின் ஷூ மேல் உட்கார்ந்து அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தது. வால் என்று சொல்ல ஏதோ கொஞ்சம் இருந்தது. அது ஆடியது.

மாஸ்டர் காலை அசைக்கவில்லை. மூச்சுக்கூட விட்டாரா என்று சந்தேகம். குனிந்து அதைத் தராசில் வைத்தார். மருந்தை எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்து அளவைச் சரிபார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டு மறுபடியும் சரிபார்த்தார். பிறகு சிரிஞ்சை என்னிடம் நீட்டினார்.

"இன்னிக்கு நீங்க குடுங்க மேடம்."

சொல்லிவிட்டுக் காருக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டார். நான் நியூட்ரலின் வாயோரத்தில் மருந்தை விட்டேன். அது இருமியது, தலையை உதறியது, இரண்டடி தள்ளிப் போய் நின்று திரும்பியது. என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தது.

காருக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. மாஸ்டர் கையைக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடியும் கழுவினார். பிறகு மறுபக்கமாகச் சுற்றி, அப்போதுதான் வருகிறவர் போல நடந்து வந்தார். அந்த வெள்ளைச் சட்டையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் விரித்து, ஒன்றுமில்லை பார் என்று குட்டியிடம் காட்டினார்.