ஜிமிக்கிக்குக் கொக்கி

சாயங்காலம் பள்ளிக்கூட ஆண்டு விழா. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்காவின் ஜிமிக்கி சோற்றுத் தட்டில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் கொக்கி முறிந்திருக்கிறது. அக்கா வாயில் சோற்றோடு அழ ஆரம்பித்தாள். ஜிமிக்கி போடாதவள் ஆட வேண்டாம் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். கடைக்கு சிவகாசிக்குத்தான் போக வேண்டும். பஸ் அப்போதுதான் போயிருந்தது.

"நான் செஞ்சு தாரேன்" என்றேன். வீட்டில்கூட வாய் திறக்காத பிள்ளை நான். அந்த அதிசயத்திலேயே அக்காவின் அழுகை நின்றுவிட்டது.

அம்மா மத்தாப்புக் கம்பெனியில் வேலை பார்த்தாள். மருந்தில் முக்குவதற்கு முன்பே கோணிப்போன மெல்லிய கம்பிகளை வீட்டுக்குக் கொண்டுவருவாள். செம்புப் பூச்சில் அவை தங்கம் மாதிரி மின்னும். ஒன்றைக் குறட்டால் வெட்டிப் பேனாவில் சுற்றினேன். கையை விட்டதும் விரிந்துகொண்டது.

"ரீபிள்ல சுத்துலே. விரிஞ்சா பேனா அளவுக்கு வந்துரும்" என்றாள் அக்கா.

வந்தது! இரண்டு பேரும் கூவிவிட்டோம். மறு காதில் வெள்ளைக் கொக்கி இருப்பது அப்புறம்தான் உறைத்தது. அதையும் கழற்றி எறிந்துவிட்டு இன்னொன்று வளைத்தோம்.

முனை முள்ளாகக் குத்தியது. எங்கள் ஊரில் தேய்க்க எதையாவது தேடினால் முதலில் கையில் அகப்படுவது தீப்பெட்டிதான். அதன் பக்கவாட்டில் நான் மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா வேலை விட்டு வந்தாள்.

"ஏலே, அதுல மருந்து இருக்குலே! அவ காதைப் புண்ணாக்கப் போறியா?"

பிடுங்கி சோப்புப் போட்டுக் கழுவினாள். சிமெண்டுப் படியில் தேய்த்து, முனையைத் தன் கன்னத்தில் இழுத்துப் பார்த்தாள். ஆடும்போது கழன்று விழாமலிருக்க, சைக்கிள் வால்வு டியூபில் இரண்டு துண்டு நறுக்கிக் காதுக்குப் பின்னால் செருகிவிட்டாள்.

மேடையில் அக்கா பாட்டுக்குத் தேவையில்லாத இடத்திலெல்லாம் தலையை ஆட்டினாள். ஜிமிக்கி அம்புட்டு ஆட்டம் ஆடியும் விழவில்லை. நான் பெஞ்சில் ஏறி, "நான் செஞ்ச கொக்கி!" என்று கத்தினேன். கூட்டமே திரும்பிப் பார்த்தது.

"அட, இவனுக்குப் பேச வருமா!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஜிமிக்கியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். அம்மா கண்ணாடி முன்னால் நின்றாள். துளை தூர்ந்துவிடாமலிருக்கத் தன் காதில் செருகியிருந்த ஈர்க்குச்சியை உருவிவிட்டு ஜிமிக்கியை மாட்டினாள். தலையை இந்தப் பக்கம் ஆட்டினாள், அந்தப் பக்கம் ஆட்டினாள்.

"எம்மா, நீயும் டான்ஸ் ஆடப் போறியா?" என்று கேட்டு உருண்டு புரண்டு சிரித்தேன்.

"போலே" என்று அவளும் சிரித்தாள். ஆனால் உடனே கழற்றவில்லை.

இவ்வளவு வயதான பிறகு இது எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றியது. அம்மாவுக்கு அப்போது முப்பதுகூட ஆகியிருக்கவில்லை.